ஆயுத பூஜையன்று அச்சுகளைக் காத்த அம்மையாருக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட் வார்ப்பாலையின் கணினிப் பிரிவுத் தலைவராய் வீற்றிருந்து, இன்று பணி நிறைவு காணும் பண்பின் பெட்டகமே! ஆரம்பாக்கத்திலிருந்து மின்ரயில் ஏறி வந்து ஆலையை ஆண்ட அன்பரசியே! திருமதி ஜோதிலட்சுமி அம்மையார் அவர்களே! வணங்கி, வாழ்த்தி, மகிழ்ந்து நிற்கிறோம்.

உலை எரிவது ஊருக்கே தெரியும். சர்வர் அறையில் ஓசையின்றி நடப்பது யாருக்குத் தெரியும்? எஸ்.எஸ்.டி. வட்டுகளை ஒன்றாய்ச் சேர்த்து, லாஜிக்கல் வால்யூம் எனும் பங்குகளாய்ப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் உரியதை அளந்தளித்த அன்னபூரணி தாங்கள்! கோப்பை நாம் அழித்தாலும் அந்த இடம் காலியென்று வட்டுக்குத் தெரியாது. வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாவியைத் தராமல் போன குடித்தனக்காரர் கதைதான். காலி என்று நாமே கட்டளையிட்டுச் சொன்னால்தான் வட்டு அதைத் துடைத்துச் சுறுசுறுப்பாகும். ஆனால் துடைத்தது துடைத்ததுதான், பிரம்மாவே வந்தாலும் மீளாது. ஆகவே, வால்யூமை நீக்கும்போதே இடத்தையும் துடைத்துவிடும் வசதியைத் தாங்கள் முடக்கியே வைத்தீர்கள். "அழிக்கிறது வேற, தொடைக்கிறது வேற. ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு டீ குடி" என்பது தங்கள் திருவாக்கு. திட்டினால் ஆலையே கேட்கத் திட்டுவீர்கள்; பாராட்டினால் வீட்டுக்கே போன் போட்டுப் பாராட்டுவீர்கள்.

ஆயுத பூஜையன்று நம் ஆலையில் இயந்திரங்கள் யாவும் நிறுத்திக் கழுவப்படும். சர்வருக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. வட்டுகளின் வெற்றிடத்தைத் துடைப்பதும் அன்றுதான். சென்ற ஆண்டு அந்த நன்னாளில் நம் விஜயகுமார் வேகம் காட்டினார். எந்த வால்யூம் பயன்பாட்டில் இல்லையோ அது குப்பை என்று முடிவுகட்டி நீக்கினார். பூஜைக்காக மொத்த ஆலையும் நின்றிருக்க, அன்று எதுதான் ஐயா பயன்பாட்டில் இருக்கும்! போனவை அச்சு வரைபடங்கள் அனைத்தும். மாற்றுப் பிரதியோ பல மாதப் பழசு. வரைபடமின்றி அச்சில்லை, அச்சின்றி வார்ப்பில்லை, வார்ப்பின்றி எங்கள் பிழைப்பில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்துக்கொண்டிருந்த விஜயகுமாருக்கோ வேலையே போய்விடும் நிலை. "மேடம், எல்லாம் பூடுச்சி மேடம்!" என்று அவர் அலறியபோது, பக்கத்து இருக்கைப் பென்னி துடைக்கும் கட்டளையை அடித்து முடித்திருந்தார். எண்டர் ஒன்றுதான் பாக்கி.

பொரியும் கடலையும் கையிலிருக்க ஓடிவந்தீர்கள். "பென்னி, கைய எடு! அழுவாத நைனா விஜயா. நீ பேரைத்தான் அழிச்சிக்கீற; உள்ள இருக்கறது அப்டியே கீது. தொடைக்கச் சொல்லி டிஸ்க்குக்கு நாம இன்னும் சொல்லவே இல்ல."

கணினி தானாகச் சேமித்திருந்த பழைய பங்கீட்டு விவரத்தைக் கொண்டு வால்யூமை மீட்டீர்கள். வரைபடங்கள் ஒன்றும் குறையாமல் திரையில் வந்தபோது வார்ப்புக்கூடத் தோழர்கள் அடித்த விசில் புதுவாயல் வரை கேட்டிருக்கும்! காலில் விழப்போன விஜயகுமாரை, "கால்ல உழாத, கல்யாணத்துல பிரியாணி போடு" என்று நிமிர்த்தினீர்கள். போட்டார், உண்டோம்.

தங்களுக்குப் பின் அந்த நாற்காலி யாருக்கு என்று நிர்வாகம் கேட்டது. தாங்கள் சொன்ன பெயரைக் கேட்டு நாங்கள் ஆடித்தான் போனோம். "ஒரு தபா சூடு பட்டவன்தான் ரெண்டு தபா தொட்டுப் பார்ப்பான்" என்றீர்கள், நிர்வாகமும் ஒப்புக்கொண்டது. அம்மையாரே! இம்மடலை எழுதியவர்கள் நாங்கள். தங்கள் முன் நின்று இதை வாசித்துக்கொண்டிருப்பவர் எங்கள் புதிய தலைவர் விஜயகுமார்.

அவரோடு சேர்ந்து நாங்களும் வேண்டுகிறோம்: நோயில்லா உடலும் நொடிப்பில்லா மகிழ்வும் பெற்று, நூறாண்டு கடந்தும் இதே குரலில் எங்களைத் திட்டி வாழ்க!

என்றும் தங்கள் அன்பில்,
கணினிப் பிரிவினரும் வார்ப்புக்கூடத் தோழர்களும்,
கும்மிடிப்பூண்டி.