நாற்பது விநாடி

காலியாகக் கிடக்கும் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். அது என் சுபாவம், ஐயா. விசாரிக்க வந்த நீங்கள் இதையும் எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் தொழிற்சாலையில் உற்பத்தியைத் திட்டமிட ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார்கள். எந்த நாளில் எந்த மெஷினில் எத்தனை தகடு அடிக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் முதலில் அதன் திரையில் உள்ள கட்டங்களில் விவரம் நிரப்ப வேண்டும். அது என் வேலை. இருப்பு எவ்வளவு என்று கிடங்கில் கேட்டால், "நெறைய இருக்கு சார்" என்பார்கள். சரக்கு வர எத்தனை நாள் என்றால், "வந்துடும் சார்." நிறைய என்பதை எந்தக் கட்டத்தில் அடிப்பது? மூன்று மாதம் நாயாய் அலைந்தேன். வெறுத்துப்போய்விட்டது.

கடைசியில் ஒரே ஒரு கட்டம் மிச்சம். பிரஸ் மெஷினில் ஒரு தகட்டுக்கு எத்தனை விநாடி? கடிகாரத்தோடு நானே போய் நின்றேன். அதை ஓட்டுகிறவர் என் தங்கையின் கணவர்.

"பாதுகாப்பு மூடியோட அடிச்சா அம்பத்திரெண்டு, மச்சான். மூடியைக் கழட்டிட்டா நாப்பது. ஆனா கழட்டக் கூடாது, கை போயிடும்" என்றார். எனக்காக ஒரே ஒரு தடவை கழற்றி அடித்துக் காட்டினார்.

ஐம்பத்திரண்டு என்று போட்டேன். எல்லா ஆர்டரும் தாமதம் என்று திரை முழுக்கச் சிவந்தது. நாற்பது போட்டேன். மூன்று மாதத்தில் முதல் முறையாக எல்லாம் பச்சை. அது பொய்க் கணக்கு இல்லை, ஐயா. நானே அளந்த எண். அன்றுதான் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறு வாரம் முதல் நாற்பதுக்கு ஏற்றபடி வேலை வந்து குவிந்தது. மாப்பிள்ளை இரண்டு முறை என் மேசைக்கு வந்தார்.

"அந்த நம்பரை மாத்துங்க மச்சான். மூடியைக் கழட்டிட்டுத்தான் அடிச்சிட்டிருக்கேன். பயமா இருக்கு."

மாற்றினால் மறுபடியும் சிவந்துவிடும். பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். பதினோராம் நாள் அவருடைய வலது கை மணிக்கட்டோடு போனது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை கேட்டாள்: "அண்ணா, அவர் மூடி இல்லாம அடிக்கிறது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். தெரியும். தெரிந்தேதான் விட்டேன்.

ஆனால் அலட்சியமாக இருந்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது அபாண்டம். மெஷின் ஆறு மணி நேரம் நின்றதை அன்று மாலையே சாஃப்ட்வேரில் பதிவு செய்தேன். மறுநாள் அவர் இடத்துக்குப் புது ஆள் வந்தார். கடிகாரத்தோடு போய் நின்றேன். மூடி இல்லாமல் அவருக்கு முப்பத்தெட்டு விநாடி. கட்டத்தில் இருந்த நாற்பதை உடனே திருத்திவிட்டேன்.