ரயில் மேடையில் கேட்ட ஒரு சொல்

அக்கிராசனத்தில் அமர்ந்து இந்த அவைக்கே அழகு சேர்க்கும், லிந்துலைக் கடைவீதியின் ஜவுளி வணிகர் உயர்திரு தம்பையா பிள்ளை அவர்களே! எங்கள் பாடசாலையைத் தலைமேல் தாங்கும் தலைமையாசிரியர் ராமநாதன் அவர்களே! மலையேறி, மலையிறங்கி, மழையையும் மதியாது வந்து சேர்ந்திருக்கும் பெரிய கங்காணிமார்களே! கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்கும் வர்த்தகப் பெருமக்களே! வயதாலும் வாழ்ந்த வாழ்வாலும் மூத்த பெரியோர்களே! மடியிலே மழலை உறங்க, மனத்திலே ஆயிரம் கவலைகள் விழித்திருக்க, முன்வரிசைப் பாய்களில் அமர்ந்திருக்கும் அன்னையரே! சகோதரிகளே! பாடுவதற்குத் தொண்டையைத் தயார் செய்துகொண்டு, இந்த வாத்தியார் எப்போது பேச்சை முடிப்பார் என்று திரைக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் என் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் ஆண்டியப்பனின் அன்பு கலந்த வணக்கம்.

என்ன சொல்கிறீர்கள்? கேட்கவில்லையா? ஆம், தகரக் கூரையில் மழை தாளம் போடுகிறது. இந்த மலையில் மழையோடு போட்டி போட்டுப் பாடிப் பழகிய தொண்டை ஐயா இது. இதோ, உரக்கவே பேசுகிறேன்.

இந்த ஆண்டு விழாவிலே, "பாட்டு வாத்தியாரும் இரண்டு வார்த்தை பேசட்டும்" என்று பணித்தார்கள். பாட்டு வாத்தியாருக்குப் பேச்செதற்கு? பாடச் சொன்னால் பாடுவேன். ஆர்மோனியத்தை அமுக்கச் சொன்னால் அமுக்குவேன். ஆனாலும் மூன்று நான்கு வருஷங்களாக என் நெஞ்சுக்குள் ஒரு செய்தி நின்றுகொண்டிருக்கிறது. அதை இந்த அவையிலே இறக்கிவைக்க எண்ணுகிறேன். பொறுத்தருள்வீர்களா?

நான் செய்யும் வேலை என்ன? பாட்டுக் கோஷ்டியை நடத்துவது. அதிலே நான் கற்றுக்கொடுப்பது என்ன? சுரமா? தாளமா? அவை அப்புறம். முதல் நாள் வரும் குழந்தை ஊரையே எழுப்பும்படி கத்தும். தன் குரல் மட்டுமே அதற்குக் கேட்கும். "கொஞ்சம் தணித்துப் பாடு கண்ணே, பக்கத்தில் நிற்கிறவளின் குரலைக் கேள்" என்பேன். கேட்கத் தொடங்கியதும் இரண்டு குரல் ஒன்றாகும். ஒன்றானது பத்தாகும், பத்தும் ஒரே மூச்சாகும். அந்த மூச்சை ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், மறுநாளும் பனியில் நடுங்கிக்கொண்டே பள்ளிக்கு ஓடிவரத் தோன்றும். இப்படி ஊரார் பிள்ளைகளின் குரலுக்கெல்லாம் காதைக் கொடுத்த எனக்கு, சொந்தக் குழந்தையின் குரல் எப்படியிருக்கும் என்பது தெரியாத காலம் ஒன்று இருந்தது, மகாஜனங்களே!

என் மனைவி பூரணி, திருக்காட்டுப்பள்ளிக்காரி. மணமுடித்து, கடல் கடந்து இந்த இலங்கை மலைக்கு அழைத்துவந்தேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பெண் பிறந்தது; ஜெயலெட்சுமி என்று பெயரிட்டோம். குழந்தைக்குத் தலை நின்றதும் திரும்பிவிடுவாள் என்று வாசலைப் பார்த்துக் காத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் அவள் தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்தார். அவளோ ஒரே மகள். தாயும் இல்லை. ஊட்டிவிட, புரட்டிப் படுக்கவைக்க அவளையன்றி யாருண்டு? விட்டுவிட்டு வா என்று சொல்வேனா? சொன்னால் நான் மனிதனா? இருந்து பார்த்துக்கொள் என்றேன். பார்த்துக்கொண்டாள். எட்டு வருஷம் பார்த்துக்கொண்டாள்.

விடுமுறையில் ஓரிரு முறை கடல் கடந்து போய்வந்தேன். கைநீட்டினால் குழந்தை அலறும். அலறல் அடங்கி அருகில் வருவதற்குள் விடுமுறை முடியும். கப்பலில் திரும்பும்போது காற்றிலே அந்த அழுகைதான் கேட்கும்.

இங்கே தலையசைக்கும் வர்த்தகப் பெருமக்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? உங்களில் எத்தனை பேருடைய வீட்டு விளக்கு இந்த மலையில் எரிகிறது? கடை இங்கே, குடும்பம் அங்கே. கல்லாப்பெட்டி இங்கே, கட்டிய மனைவி அங்கே. அடுத்தவர் குழந்தைக்குப் பாவாடைத் துணியைக் கிழித்துக் கொடுக்கும்போது, தன் குழந்தை இப்போது எவ்வளவு உயரம் இருக்கும் என்று கையால் அளந்து பார்க்காதவர் உங்களில் யார்?

மாமனார் காலமான பிறகு பூரணியும் மகளும் வந்தார்கள். தலவாக்கலை ரயில் மேடையில் இறங்கினார்கள். தாயின் முந்தானைக்குள் இருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. "ஜெயா, அப்பா பாரும்மா" என்றாள் பூரணி. கண்கள் மறைந்துவிட்டன.

வீட்டுக்கு வந்தும் என்னிடம் நேராக ஒரு பேச்சில்லை. "அம்மா, அவங்கள சாப்புட வரச் சொல்லு" என்பாள். நான் அவள் எதிரிலேதான் நிற்பேன்! பாடசாலையில் சேர்த்தேன். எல்லாக் குழந்தைகளும் சார் என்றார்கள். அவளும் சார் என்றாள். வீட்டுக்கு வந்தும் சார் என்றாள். பூரணி முதல் நாள் சிரித்தாள். நாள் போகப் போக அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள், தாய்மார்களே! அன்றைக்கு எனக்குச் சிரிக்க வரவில்லை. கண்ணாடி வளையல் வாங்கிவந்தேன். "தேங்ஸ் சார்" என்றாள். மனம் பொறுக்காமல் பூரணியிடம் முறையிட்டேன். அவள் சொன்னாள்: "விடுங்க. புள்ள தானா கூப்புடும். கடையில கேட்டு வாங்குற பண்டமா அது?"

அந்த நாளில் எங்கள் கோஷ்டியிலே ஒரு குழந்தை இருந்தாள். மீனம்மா என்று பெயர். மயில்பாறைத் தோட்டத்து மூக்கன் – ராக்காயி தம்பதியின் மகள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைப்பதற்காக ஒருநாள் அந்த மலைக்குப் போயிருந்தேன். பனிமூட்டம். முன்னே நிற்கும் ஆள் தெரியவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று ஒரு சிறுமி, மேலே தேயிலைக் கொழுந்து எடுக்கும் தாயைக் கூவியழைத்தாள். அந்தக் குரல் பனியைக் கிழித்துக்கொண்டு போயிற்று! போன குரலுக்கு மேலேயிருந்து தாயின் குரல் பதில் வந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அவளைப் பாட அனுப்புங்கள் என்று கேட்டபோது அந்தத் தோட்டத்துக் கங்காணியார், "பாட்டுப் படிச்சா கொழுந்து எடுக்குமா வாத்தியாரே?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் ராக்காயி, "கொழுந்து எடுக்கையிலயும் பாடிக்கிட்டுத்தான எடுக்குறோம்? போய்ட்டு வரட்டும், விடுங்க" என்றாள். கங்காணியாரும் சிரித்துவிட்டார். அவர் இந்த மேடையிலேயே இருக்கிறார். இப்போதும் சிரிக்கிறார், பாருங்கள்!

தலையிலே கம்பளித் துண்டு, கையிலே அவித்த கிழங்கு. இப்படித்தான் வருவாள் மீனம்மா. பாட்டில் முதலடியை அவள் எடுத்துக்கொடுப்பாள். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். என் மகள் இந்த மலைக்கு வந்து முதன்முதல் சிரித்தது அவளோடுதான். கிழங்கைப் பாதியாகப் பிட்டு இருவரும் தின்பார்கள். ஒருநாள் வகுப்பு முடிந்து ஆர்மோனியத்தை மூடிக்கொண்டிருந்தேன். சன்னலுக்கு வெளியே பேச்சுக் கேட்டது.

"ஏ ஜெயா, ஒங்க அப்பாவ நீ ஏன் சாருங்குற?"

"எல்லாரும் சாருன்னுதான சொல்றீங்க?"

"எங்களுக்குத்தான் சாரு. எங்க அப்பா மலையில இருக்காரு. ஒனக்கு வேற அப்பாவா இருக்காரு?"

என் மகள் மெல்லச் சொன்னாள்: "கூப்புடணும்னுதான் இருக்கு. வாய் வர மாட்டேங்குது. வெக்கமா இருக்கு."

அவளுக்கும் ஆசை இருக்கிறது! எனக்கும் ஆசை இருக்கிறது! இடையிலே எட்டு வருஷக் கடல் கிடக்கிறது! சத்தமில்லாமல் ஆர்மோனியத்தின் மேல் தலைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சமயம் தேயிலைக்கு விலை விழுந்தது. உங்களுக்கு நினைவில்லையா? மலை மலையாக, விடிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் குறைந்த காலம். ஒருநாள் மத்தியானம் மூக்கன் பாடசாலைக்கு வந்தான். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலோடு நின்றான். "உள்ளே வாப்பா" என்றேன்.

"மேமலையில வேலைய மூடிட்டாங்க சாமி. தோட்டத்துல எங்க பேர வெட்டிட்டாங்க. கப்பலேத்தி அக்கரைக்கு, இந்தியாவுக்கு அனுப்புறாங்களாம். நீங்களும் புள்ள பேர வெட்டிருங்க."

அன்று மாலையே பூரணியை அழைத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். "மீனம்மா எங்க வீட்ல இருக்கட்டும். எம்மகளோட சேத்து இன்னொரு மகளா வளப்பேன்" என்றாள் பூரணி. ராக்காயி அழுதாள். மூக்கன் அழவில்லை. என் முகத்தையே பார்த்தான்.

"பெரிய மனசுங்க ஒங்களுக்கு. ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. எட்டு வருசம் புள்ளைய விட்டுட்டு இருந்தீங்களே, எப்படிங்க இருந்துச்சு?"

அவன் தோளைப் பற்றினேன், பெரியோர்களே. "கூட்டிப் போப்பா. நீ கூட்டிப் போவதுதான் சரி" என்றேன்.

புறப்படும் நாளும் வந்தது. கோஷ்டிக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு தலவாக்கலைக்குப் போனேன். மேடை முழுவதும் சனம். மூட்டை, முடிச்சு, கூடையிலே கோழி, இடுப்பிலே பிள்ளை. இந்த மலையிலேயே பிறந்து அக்கரையைக் கண்ணாலும் கண்டறியாத குழந்தைகள், "ஊருக்குப் போறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊருக்கு? யாருடைய ஊருக்கு?

பாடி வழியனுப்புவது என்று முடிவு செய்திருந்தோம். கையை உயர்த்தினேன். ஒரு குரலும் எழவில்லை. எல்லாக் கண்களும் சன்னலோரம் இருந்த மீனம்மாவைப் பார்த்தன. அவள் புரிந்துகொண்டாள். முதலடியை அவளே எடுத்தாள்! ரயிலுக்குள்ளிருந்து அவள் எடுக்க, மேடையிலிருந்து இவர்கள் வாங்கிப் பாட, போகிற சனம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டது. ஊதல் ஒலித்தது. சக்கரம் அசைந்தது.

அப்போதுதான் வரிசையிலிருந்து என் மகள் பிய்த்துக்கொண்டு ஓடினாள். சன்னலில் நீண்ட கையை எட்டிப் பிடித்தாள், கை நழுவியது. திரும்பினாள். அத்தனை கூட்டத்திலும் என்னைத் தேடினாள். தேடிக் கண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்:

"அப்பா! ரயில நிப்பாட்டச் சொல்லுங்கப்பா! அப்பா!"

ஓடினேன் ஐயா! வேட்டி தடுக்க ஓடினேன். கார்டு நின்ற பெட்டியை எட்டி, நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். அவர் சிங்களவர், நான் பேசிய தமிழ் அவருக்குப் புரிந்திராது. ஆனால் பின்னால் ஓடிவரும் குழந்தையைப் பார்த்தார். வீசிய பச்சைக் கொடியைத் தாழ்த்தினார். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார், தன்னால் ஆகாது என்று. ரயில் போய்விட்டது.

எத்தனை நாள் ஏங்கிய சொல்! எத்தனை ஆண்டு தவமிருந்த சொல்! அந்தச் சொல் என் காதில் விழுந்தபோது, என்னால் ஆகாத ஒரு காரியத்தையல்லவா என் மகள் கேட்டாள்? எந்தத் தகப்பனுக்கும் அந்த நிலை வரலாமா? வீடு திரும்பும் வழியெல்லாம் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அவ திரும்பி வருவாளாப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அன்று முதல் இன்று வரை அப்பா என்றுதான் அழைக்கிறாள். ஒவ்வொரு முறையும் என் நெஞ்சு குளிர்கிறது. ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு ரயில் நகர்கிறது.

யாரோ பின்வரிசையிலிருந்து கேட்கிறீர்கள். என்னம்மா? "அந்தப் புள்ள இப்ப எங்க இருக்கு" என்றா? கேளுங்கள், தாயே. சென்ற வருஷம் மாமனார் ஊருக்குப் போனபோது மூக்கனின் முன்னோர் ஊரான துறையூர்ப் பக்கம் போய் விசாரித்தேன். மூக்கனின் பங்காளிகள் இருந்தார்கள். "வந்தாங்க, ஒரு மழைக்காலம் இருந்தாங்க, மலேயாவுக்கு ரப்பர் தோட்டத்துக்கு ஆள் எடுக்குறாங்கன்னு கெளம்பிட்டாங்க" என்றார்கள். அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

பெரிய கங்காணிமார்களே! உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். ஒரு மலை மூடினால் அடுத்த மலையில் இடமிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். திம்புள்ளையில் கேளுங்கள், ஹட்டனில் கேளுங்கள், நோட்டன் பிரிட்ஜ் வரையிலும் போய்க் கேளுங்கள். துரைமாரிடம் பேச உங்களுக்கு வாயிருக்கிறது. அந்த வாயைத் திறவுங்கள். தேயிலைச் செடியைக்கூட வேரோடு பிடுங்கினால் வேறிடத்தில் பிழைப்பதில்லை என்று வருந்துகிறோமே, ஒரு குழந்தையைப் பிடுங்குவதற்கு வருந்த வேண்டாமா? காட்டை வெட்டியது யார்? கல்லைப் புரட்டியது யார்? பாதை போட்டது யார்? அந்தப் பாதையிலேயே அவர்களை அனுப்பிவைக்க எப்படி மனம் வந்தது?

வர்த்தகப் பெருமக்களே! உங்கள் குடும்பங்களை இங்கே அழைத்துவாருங்கள். குளிரா? கம்பளி உங்கள் கடையிலேயே இருக்கிறது! அக்கிராசனர் சிரிக்கிறார், அவரே முதலில் அழைத்துவரட்டும்! உங்கள் பெண்கள் எங்கள் கோஷ்டியில், லயத்துப் பிள்ளைகளோடு தோளுரசி நின்று பாடட்டும். அப்பா என்ற அந்த ஒரு சொல்லை வீட்டு வாசலிலே, விளக்கு வெளிச்சத்திலே, சாப்பிட வாருங்கள் என்ற சாதாரணக் காரியத்துக்காக உங்கள் குழந்தை சொல்லக் கேளுங்கள். ஓடுகிற ரயிலின் பின்னால் கேட்காதீர்கள்! என்னைப் போல் கேட்காதீர்கள்!

மழையும் தணிந்துவிட்டது; என் குரலும் தணியவேண்டிய நேரம். அவையிலே அழைத்துப் பேசவைத்த தலைமையாசிரியருக்கும், பொறுமையோடு கேட்டிருந்த அக்கிராசனருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டும் எழுந்து போகாமல் இருந்த அன்னையர்க்கும் என் நன்றி உரியது. இப்போது குழந்தைகள் வருகிறார்கள். அவர்களிலே சில பேருடைய தகப்பன்மார் எந்த மலையில் எத்தனை நாள் இருப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஆகையால் பேச்சை நிறுத்திவிட்டு நன்றாகக் கேளுங்கள். எல்லாரும் சேர்ந்து இருக்கிறார்கள், இன்றைக்கு. வணக்கம், வாழ்க நீங்கள்!