கொழு தட்டுற ஊரு

மாப்ளே, கல்யாணம் முடிச்சு வந்து நாலு நாள் ஆகல. அதுக்குள்ள, "விடிஞ்சும் விடியாம எவன்யா இரும்பைத் தட்டுறான், தூக்கம் கெடுது"ன்னு கேட்டீராமே. உம்ம மேல குத்தமில்ல, நீரு வெளியூரு. இப்படி உக்காரும், சொல்லுதேன்.

இந்தக் கரிசக்காட்டுல ரோடும் கிடையாது, போலீசும் கிடையாது, அப்படி ஒரு காலம். இதே ஊசிமேட்டுப்பட்டியில கருத்தாண்டின்னு ஒருத்தன் ஆடு மேய்ச்சானாம். எங்க தாத்தாவுக்குத் தாத்தா. கூட ஒரு அண்ணன், ஒரு தம்பி. மூணு பேருக்கும் ஒரே ஆட்டுக்கிடை.

ஒருநா பொழுது சாயுற நேரம். ஆத்துக்கு அந்தாண்டைக் கொள்ளைக்கூட்டம் முப்பது பேரு, வேலும் வெட்டரிவாளுமா கிடையில வந்து விழுந்தானாம். அண்ணன் ஓடிவந்து கருத்தாண்டியப் பிடிச்சு, ஆட்டுக்குட்டியளை மூடி வைக்கிற பெரிய கூடைக்குள்ள தள்ளி, மேல ஏறி நின்னுக்கிட்டானாம். "வெளிய வந்துராதடா! என்ன நடந்தாலும் வந்துராத!" அம்புட்டுதான். வெட்டு விழுந்துச்சு. கூடைப் பின்னல் வழியா அண்ணன் ரத்தம் இவன் தலையில வடிஞ்சுச்சாம். தம்பியைக் கொல்ல ரொம்ப நேரம் எடுத்தானுவளாம். கருத்தாண்டி அத்தனையும் கேட்டுக்கிட்டே கிடந்தானாம். குட்டியெல்லாம் அவன் மேல ஏறி மிதிச்சுக் கத்துதாம்.

ஊரு சும்மா விடுமா? பதினோரு பேரு கிளம்பினான். அருவா அடிச்சுக் கொடுத்தது யாரு? ஆசாரிச்சி விசாலாச்சி. புருசன் செத்தப்புறம் தானே உலை வச்சு, தானே சம்மட்டி பிடிச்ச பொம்பளை. அவ அடிச்ச அருவாளோட போனவுக, மூணாம் நாளு கூட்டத் தலைவன் தலையை ஈட்டியில குத்திக் கொண்டாந்து கருத்தாண்டி முன்னால போட்டானுவளாம். "ஏலே, பழி தீந்துச்சு. இனி நிம்மதியா இரு!"

இருப்பானா? மடப்பயலுவ! எனக்கு இன்னைக்கும் இதைச் சொல்லும்போது பத்திக்கிட்டு வரும். அவன் அந்தத் தலையையே பாத்தானாம். அழல. சோறு திங்கல. மறுநா எழுந்து கம்மாய்ப் பக்கம் ஆள் இல்லாத இடமாப் பாத்து நடந்தானாம். ஊருக்கே தெரியும் அவன் எதுக்குப் போறான்னு. ஆனா ஒருத்தனும் வாயைத் திறக்கல. அந்தப் பேச்சை எடுத்தா அது நடந்துரும்னு பயம்.

விசாலாச்சி மட்டும் போயி வழியை மறிச்சாளாம். "கருத்தா, நேராக் கேக்கேன். சாகணும்னு தோணுதா?"

"ஆமா."

"எப்பவுமா?"

"கண்ணை மூடினா அண்ணன் நிக்கான் ஆசாரியம்மா."

அவ புத்தி சொல்லலயாம். திட்டலயாம். "எனக்கு இன்னைக்குத் துருத்தி ஊத ஆளில்ல. இன்னைக்கு மட்டும் வந்து ஊது. நாளைக்கதை நாளைக்குப் பேசிக்கலாம்"னாளாம். அவனைக் கூட்டிவரும் முன்னாடியே, பட்டறையில இருந்த அருவா, கத்தி ஒண்ணு விடாம மூட்டை கட்டி அடுத்த தெருவுல கொண்டுபோய் வைக்கச் சொல்லிட்டாளாம். ஏர்ல மாட்டுற கொழுவும் மண்வெட்டியும் தவிர எதுவும் அடிக்கல.

துருத்தி உலைச் சுவருக்கு அந்தாண்ட. ஊதுறவன் மூஞ்சி அடிக்கிறவளுக்குத் தெரியாது. அதனால இரும்பை உலையில வைக்கும்போதும் எடுக்கும்போதும் ஒருதரம் தட்டிக் கேப்பாளாம். "கருத்தா, இருக்கியா?" "இருக்கேன்." மறுபடி தட்டுவா. "இருக்கியா?" "இருக்கேன்." பொழுதுக்கும் இதே பேச்சு. சாயங்காலம் ஒரு வீட்டுக்காரன் வந்து கூட்டிப்போய்ச் சோறு போட்டுப் பக்கத்துலயே படுப்பான். மறுநா இன்னொரு வீடு. விசாலாச்சி வாசல் வாசலா ஏறிச் சண்டை போட்டுப் பண்ணின ஏற்பாடு அது. "கொல்லுறதுக்குப் பதினோரு பேரு போனீகளே, இதுக்கு வரமாட்டீகளா?"

அப்படி நாப்பது நாள் போச்சாம். ஒருநா உச்சி வேளை. கொழு செவசெவன்னு உலையில கிடக்கு. "இருக்கியா?" சத்தமில்ல. "இருக்கியா?" சத்தமில்ல. இரும்பைப் போட்ட இடத்துல போட்டுட்டு ஓடினாளாம். கம்மாக்கரையில பிடிச்சுட்டா. அவன் வெறிபிடிச்ச மாதிரி அடிக்கான், கடிக்கான், கல்லை எடுத்து அவ நெத்தியிலயே போட்டான். ரத்தம் கண்ணை மறைக்குது. பிடிச்ச கையை அவ விடலயே! ஆள் வர்ற வரைக்கும் விடல.

அப்பத்தான் அவன் வாய் திறந்துச்சாம். கூடைக்குள்ள என்னெல்லாம் கேட்டானோ, தம்பி எப்படிக் கத்தினானோ, பொழுது அடையுற வரைக்கும் சொல்லி சொல்லி அழுதானாம். "நான் வெளிய வந்திருக்கணும்"னு திரும்பத் திரும்பச் சொன்னானாம். அவ நெத்தியைத் துடைச்சுக்கிட்டு அம்புட்டையும் கேட்டாளாம். கேட்டுட்டு, "நாளைக்கும் வா"ன்னாளாம். அவனும் வந்தான். ஒரே நாள்ல சரியாப் போகல மாப்ளே, வருசக்கணக்காச்சு. ஆனா வந்தான். கல்யாணம் பண்ணினான், அதான் நான் இங்க உக்காந்து பேசுதேன்.

உலையிலயே விட்டுட்டு ஓடின அந்தக் கொழு கோணிப்போச்சாம். அவ அதைத் திருப்பி அடிக்கல.

இருவது வருசம் கழிச்சு, தண்ணிச் சண்டையில விசாலாச்சி மகனை வெட்டிட்டானுவ. ஒத்த மகன். வெட்டின அருவா அவ அடிச்சது. கிழவி உலையை அவிச்சா, கதவை அடைச்சா. பழி வாங்குறோம்னு மறுபடி பத்து பேரு கிளம்பினான். கருத்தாண்டி குறுக்க நின்னு, "இப்ப அங்க ஆள் தேவையில்ல, இங்கதான் தேவை"ன்னானாம். அந்தக் கோணக் கொழுவை எடுத்துட்டுப் போயி அவ வாசல்ல தட்டினானாம்.

"ஆசாரியம்மா, இருக்கியா?"

சத்தமில்ல.

"ஆசாரியம்மா, இருக்கியா?"

சத்தமில்ல.

"மூணாந்தரம் கேக்கேன். பதில் இல்லைன்னா கதவை உடைப்பேன். இருக்கியா?"

உள்ளேருந்து கிழவி குரல் வந்துச்சாம். "இருக்கேன்டா."

வேப்பமரத்துல ஒரு இரும்பு தொங்குதே, அது அந்தக் கொழுதான். எந்த வீட்டுல துர்ச்சாவு விழுந்தாலும், விடியும்போது அதைத் தட்டி அந்த வாசல்ல மூணுதரம் "இருக்கியா"ன்னு கேக்கணும். நேத்திக்கு வடக்குத் தெருவுல, மகனைப் பறிகொடுத்தாளே இருளக்கா, அவ வாசல்லதான் தட்டினது. ஒரு நாளைக்கு ஒரு வீட்டாளு போயித் தட்டணும், நாளைக்கு நம்ம வீட்டு முறை. நீரும் இந்த வீட்டு ஆளாயிட்டீரு, வெள்ளன எந்திரியும்.