மௌன மன்றத்தின் எழுபத்து மூன்றாவது உறுப்பினர்

ஒரு மன்றம் தொடங்குவதில் சிரமமே முதல் நான்கு பேரைப் பிடிப்பதுதான். ஐந்தாவது ஆள் தானாக வந்துவிடுவாள், உள்ளே என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்க்க. நீங்கள் சிரிக்கிறீர்கள், மேடம். எங்கள் கணக்கு டீச்சரும் இதைக் கேட்டுச் சிரித்தார்.

எங்கள் பள்ளியில் புது மன்றத்துக்குப் பதினைந்து கையெழுத்தும், பொறுப்புக்கு ஓர் ஆசிரியரும் வேண்டும். நாடக மன்றம், அறிவியல் மன்றம், பேச்சு மன்றம் என்று ஏற்கெனவே ஒன்பது இருந்தன. எல்லாவற்றிலும் கத்தல்தான். அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டிய தாளில் இரண்டே வரி: "சும்மா இருக்க ஆள் தேவை. புதன் மாலை மூன்றரை மணி, ஓவிய அறை." முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள். அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அரை மணி நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது ஒருத்தி, "தலைவலியே போயிடுச்சுடி" என்றாள். அடுத்த வாரம் அவளே ஆறு பேரை இழுத்து வந்தாள். பரீட்சை நெருங்க நெருங்க அறை கொள்ளவில்லை. விடைத்தாள் திருத்த நிம்மதியான இடம் கிடைத்ததில் கணக்கு டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இனி, நீங்கள் கேட்டவளைப் பற்றிச் சொல்கிறேன். வகுப்பில் எல்லாரும் மகாராணி என்பார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பில் அவள் என்னோடு காய் விட்டாள். அவள் காய் விட்டால் வகுப்பே விட்ட மாதிரி. அவள் வரைந்த குதிரைக்கு ஐந்து கால் இருப்பதாக நான் சொன்னதுதான் காரணம். எண்ணிப் பார்த்துத்தான் சொன்னேன். நாற்பத்தொரு நாள் என்னிடம் ஒருத்தியும் பேசவில்லை. வீட்டில் அம்மா, "இன்னைக்கு ஸ்கூல்ல என்னடி நடந்துச்சு?" என்று கேட்பாள். நானே கதை கட்டி, இரண்டு குரலில் பேசிக் காட்டுவேன். அன்று பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

'நிழல் நாள்' என்ற பயிற்சி அதற்காகத்தான். வாரம் ஒருத்தியின் பெயர் குலுக்கலில் வரும். மறுநாள் முழுக்க மன்றத்தில் யாரும் அவளிடம் பேசக் கூடாது, கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. முதல் சீட்டு எனக்கே விழும்படி பார்த்துக்கொண்டேன். அது முடிந்ததும், "சொர்க்கம் மாதிரி இருந்துச்சு" என்று எல்லாரிடமும் சொன்னேன். நாக்கு கூசவில்லை. அந்த ஒரு நாளை ஒழுங்காக முடித்தவளுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சாம்பல் நிற ரிப்பன். அதற்கு அடிதடி. பேச்சு மன்றத்துச் செயலாளரே வந்து சேர்ந்தாள்.

மகாராணியை நான் அழைக்கவே இல்லை. எழுபத்திரண்டு பேர் சேர்ந்த பிறகு, அரட்டைக்கு ஆள் கிடைக்காமல் அவளாகத்தான் வந்தாள். படிவத்தை வாங்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ இந்த வருஷம்தான் புதுசா வந்தியா?"

நான்கு வருடமாக அவளுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அதுவரை அவளை ஒரு நாள் அழவைத்தால் போதும் என்றுதான் இருந்தேன். படிவத்தில் உடல்நலம் பற்றி ஒரு கட்டம் உண்டு. 'வீசிங். இன்ஹேலர் பையில் இருக்கும்' என்று எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த குலுக்கலில் அவள் பெயர் வந்தது. பெட்டியில் இருந்த எல்லாச் சீட்டிலும் அவள் பெயர்தான். வியாழன் காலையில் சிரித்துக்கொண்டே திரிந்தாள். மதியத்துக்குள் முகம் சுண்டிவிட்டது. கடைசிப் பாடவேளையில் அவள் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்தேன்: 'விளையாட்டுச் சாமான் அறையிலிருந்து பாய்களை எடுத்து வா. பை இங்கேயே இருக்கட்டும்.' யாரோ தன்னை ஒரு பொருட்டாக மதித்த சந்தோஷத்தில் ஓடியே போனாள்.

அந்த அறையில் தூசி கண்ணை மறைக்கும். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது, அதனால் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருப்பார்கள். செங்கல்லை எடுத்தது நான்தான். நீங்கள் மூன்று நாளாகக் கேட்டது இதைத்தானே?

அவள் தட்டியது வராந்தா முழுக்கக் கேட்டது. ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நிழல் நாளில் இருப்பவள் விதியை உடைக்க எதையாவது சொல்லிப் பார்ப்பாள் என்று முன்கூட்டியே எச்சரித்து வைத்திருந்தேன். பதினொரு பேர் அந்த வழியாகப் போனார்கள். ஒருத்தியும் திரும்பவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆறாம் வகுப்புச் சின்னப் பெண் மட்டும் நின்று என்னைப் பார்த்தாள். "அக்கா, அந்த அக்கா அழறாங்க" என்றாள். உதட்டில் விரல் வைத்தேன். போய்விட்டாள். அந்தக் குழந்தையை விசாரிக்காதீர்கள், மேடம். நல்ல உறுப்பினர்.

பத்து நிமிடம் முன்னால் திறந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். வேறு பெயர்கள் எல்லாம் தீர்ந்த பிறகு அவள் என் பெயரைச் சொன்னாள். மூச்சு விட்டு விட்டுத்தான், ஆனால் சரியாகச் சொன்னாள். கேட்க அவ்வளவு இதமாக இருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் திறந்துவிடுவது என்று கைப்பிடியில் கை வைத்தபடி நின்றேன். மணி அடிக்கும்வரை நின்றேன். கடைசிவரை என்னிடம் பேச மறுத்தது அவள்தான், மேடம்.