முள்ளுப் பற்றைக்கு ஒரு கால்சட்டை

ஸ்டுட்கார்ட்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் யாழ்ப்பாணத்தவர் இருவர் அமர்ந்திருந்தார்கள். இளையவர் சொன்ன ஒரு வார்த்தை கேட்டுத்தான் கையிலிருந்த பத்திரிகையை மடித்தேன்.

"அண்ணை, நாளைக்குக் காட்டுப்பண்டியைச் சுடுறது என்ரை முதலாளி. முள்ளுப் பற்றைக்குள்ளை பூந்து அதை வெளியிலை கலைக்கிறது நான்."

"நாய் இல்லையோ?"

"நாயும் வருது. எங்கடை ரெஸ்டோரண்ட் ஆக்கள் எல்லாரையும் கூப்பிட்டவர். ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஒரே முள்ளாம். நல்ல கால்சட்டை போட்டுக்கொண்டு வரட்டாம்."

"ஜீன்ஸ் போடன்."

"போன முறை ஜீன்ஸ் போட்ட துருக்கிக்காரனுக்குத் துடையெல்லாம் கீறல். நனைஞ்சால் கல்லு மாதிரிப் பாரமாம்."

"அப்ப தடிச்ச கன்வஸ் எடு. முன்பக்கம் இரட்டைத் துணி வைச்சுத் தைச்சதாய்ப் பார்."

"பார்த்தனான். பச்சையும் இருக்கு, செம்மஞ்சளும் இருக்கு. பச்சைதானே நல்லம்? பற்றையோடை பற்றையாய் மறைஞ்சிடலாம்."

"உனக்கென்ன விசரே? கலைக்கிற ஆள் தூரத்திலையே தெரியவேணும். தெரிஞ்சாத்தான் சுடமாட்டினம்."

இளையவர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஊரிலை தெரிஞ்சாச் சுடுவாங்கள் எண்டு பற்றைக்குள்ளை படுத்துக் கிடந்தனான். இஞ்சை தெரியாட்டிச் சுடுவினமோ?"

"ஓம்."

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, அண்ணை."

மூத்தவர் இறங்குவதற்கு மணியை அழுத்தினார்.

"எழும்பு. கடைக்குப் போய்ச் செம்மஞ்சளிலை ரெண்டு எடுப்பம்."

"எனக்கு எதுக்கு ரெண்டு? ஒண்டு காணும்."

"மற்றது எனக்கு. நாளைக்கு நானும் வாறன்."