நின்ற இயந்திரத்தின் முன் வாசித்த மடல்

இரைச்சலை எண்ணால் எடைபோட்டவரே! விசிறிகளின் வீறாப்பை அடக்க வந்த வித்தகரே! நாங்கள் ‘உஷ் அக்கா’ என்று கேலிப்பெயர் சூட்டியும் கோபிக்காமல் திரும்பிப் பார்த்த எங்கள் அன்புக்குரிய அக்காவே, வணக்கம்!

தங்கள் பணி ஓய்வு விழாவுக்காக அச்சிட்டுச் சட்டம் போட்ட பாராட்டு மடல் ஒன்று மேசைமேல் இருக்கிறது. அதில் தங்களை வானளாவப் புகழ்ந்திருக்கிறோம். அதை வாசிக்க எங்களுக்கு நா எழவில்லை. இன்று காலை நடந்த ஒன்றுக்குப் பிறகு அவசரமாக எழுதிய தாள் இது.

இந்தக் கணினிக் கூடத்தில் ஆளுயர இயந்திரங்களுக்கு அடியில் ரப்பர் வைத்து அதிர்வைத் தணித்தீர்கள். கடகடத்த கதவுகளின் வாயை நுரைப் பட்டையால் அடைத்தீர்கள். சத்தம் அளக்கும் கருவியைப் பார்வையாளர் வாசலில் வைக்கச் சொன்னோம். தாங்களோ ஆபரேட்டர் அண்ணனின் நாற்காலியில், அவர் காது இருக்கும் உயரத்தில் வைத்தீர்கள். அவருக்கு இடது காது போய்விட்டது. இதோ, முதல் வரிசையில் வலது காதை எங்கள் பக்கம் திருப்பி அமர்ந்திருக்கிறார். அந்த ஒரு காதையாவது காப்பாற்றத்தான் இயந்திரங்களுக்குள் இரையும் சிறு விசிறிகளுக்குப் பதிலாக மெதுவாகச் சுழலும் பெரிய விசிறிகள் வேண்டுமென்று மேலிடத்துக்கு எழுதினீர்கள்.

மேலிடம் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பியது. தெருச் சத்தமாக இருக்கலாம், ஏசி சத்தமாக இருக்கலாம். இயந்திரம் நின்றிருக்கும்போதும் அளந்து காட்டினால்தான் அறிக்கை செல்லுபடியாகும் என்றது. “அஞ்சே நிமிஷம் நிறுத்திக் குடுங்க, போதும்” என்று எங்களிடம் நடையாய் நடந்தீர்கள். நிறுத்தினால் உலகமே நின்றுவிடும் என்பதுபோலக் கையை விரித்தோம். நாளை என்றோம், அடுத்த வாரம் என்றோம், தங்கள் தலை தெரிந்தாலே காப்பி குடிக்க நழுவினோம்.

இன்று காலை இங்கே நாற்காலிகள் போட்டு மைக்கைச் சோதித்தோம். ஒரு சொல்லும் விளங்கவில்லை. மேலாளர், “பேசறது கேக்கணும்ல, மெஷினை நிறுத்திடுங்க” என்றார். வேலையை வேறு கூடத்துக்கு மாற்ற ஒரு போன் போதுமானதாக இருந்தது. யார் குடியும் முழுகவில்லை.

எங்கள் புகழுரைக்கு இவ்வளவு எளிதாகக் கிடைத்த அமைதியைத் தங்கள் பணிக்காலம் முழுவதும் நாங்கள் தரவில்லை. வெட்கமாக இருக்கிறது, அக்கா. தங்கள் முகத்தைப் பார்த்து இதை வாசிக்க முடியாமல்தான் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே புகழுரை போதும். தங்கள் கருவி ஆபரேட்டர் அண்ணனின் நாற்காலியில் தயாராக இருக்கிறது. மைக்கை அணைத்துவிடுகிறோம், யாரும் கைதட்ட மாட்டோம். அளந்தாயிற்று என்று தாங்கள் சொல்லும்வரை இயந்திரத்தைத் தொட மாட்டோம். அந்த எண்ணோடு அறிக்கையை நாங்களே அனுப்பி, விசிறிகள் வரும்வரை மேலிடத்துக்கு நடையாய் நடப்போம்.

அடுத்த அறையில் மெல்ல அழைத்தாலும் கேட்கும் காதோடும், அயராத உடலோடும் தாங்கள் நெடுங்காலம் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இனி வாயை மூடிக்கொள்ளும்
கணினிக் கூடப் பணியாளர்கள்