வெள்ளை வயர்

...இல்லைத் தங்கச்சி, மஞ்சள் வயரைக் காட்டாதேங்கோ. மஞ்சள் நல்லாத்தான் கிடக்கு, படம் வருது. சத்தம்தான் இல்லை! போன கிழமை இதே கடையில நீங்கள்தானே இந்த யூஎஸ்பி சாமானைத் தந்து, மஞ்சள் படத்துக்கு, வெள்ளை சத்தத்துக்கு, மற்றப் பக்கத்தைக் கொம்பியூட்டரில செருகினாப் பழைய கசற் எல்லாம் உள்ளுக்கு ஏறும் எண்டு சொன்னீங்கள்? ஏறிச்சுது. எங்கட கலியாணத்தில சுவாமியாரே கரையில போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுறார்!

எனக்கு முதலே விருப்பமில்லை. வெள்ளிவிழாவாம்! இருபத்தைஞ்சு வருசக் கசற்றைக் கொம்பியூட்டரில ஏத்திச் சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பப் போறாராம் இந்த மனுசன். பக்கத்து வீட்டு யசோதரன்ர கசற் போடுற டெக்கை இரவல் வாங்கி... அதுக்குள்ள கரப்பான் குடும்பமே இருந்தது, அதை விடுங்கோ. சாமானோட பெட்டிக்குள்ள ஒரு புரோகிராம் சீடி தந்தீங்கள். எங்கட கொம்பியூட்டரில சீடி போட இடமே இல்லை. மனுசன் அதைக் கத்தரிக் கண்டுக்குமேல குருவி கலைக்கக் கட்டிப்போட்டார். பிறகு உங்களுக்கு ஃபோன் எடுத்துத்தானே அந்தப் புரோகிராமை ஏத்தினது.

அவருக்கு உண்மையில வேற நோக்கம். தன்ர தங்கச்சிக்காரிக்கு வக்காலத்து! கலாராணி, என்ர மச்சாள். கலியாணத்தில அவள் எனக்கு மோதிரம் போடேல்லை எண்டு நான் பேசி, அதோட கதைபேச்சில்லை. எங்கட ஊர் பேசாலையில ஒரே றோட்டு, ஒரே கோயில். அவளின்ர மனுசன் யேசுதாசன் கடலுக்குப் போய்த் திரும்பேல்லை, பதினெட்டு வருசமாச்சு. அந்தத் துக்கத்துக்கும் போனனான், நிண்டனான், வாய் திறக்கேல்லை. அவ்வளவு ரோசம் எனக்கு.

ஓம், ஓம், முதல் சத்தம் வந்ததுதான்! மனுசன் பூசைக்குப் போயிட்டார், கசற்றை உள்ளுக்கு ஏத்த முதல் நான் தனியப் போட்டுப் பாத்தன். மோதிரம் போடுற நேரத்தில கமராக்காரன் கேக்கைப் படம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். அப்பாடா எண்டன். ஆனாச் சத்தம்! “மச்சாள், மோதிரம் இறுக்கமோ?” அது அவள். “இல்லை மச்சாள், அளவா இருக்கு.” அது ஆர்? நான்! இதே கீச்சுக் குரல்!

என்ன, அந்த வயரைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறீங்கள்? எலி... எங்கட பக்கத்து எலியள் பொல்லாததுகள்... என்ன? எலி கத்தரிக்கோலால வெட்டுமோ எண்டோ?

சரி. நான்தான். மனுசன் வர முதல் நறுக்கெண்டு வெட்டினனான். கலியாணத்தோட கழட்டிப் பெட்டிக்குள்ள வைச்ச மோதிரத்தை, மூண்டாம் மாசம் எடுத்துப் போட்ட அண்டைக்கே கிணத்தடியில துலைச்சுப்போட்டன். மகள் போட்ட மோதிரம் எங்கயெண்டு மாமி கேட்டா. பயத்தில, “உங்கட மகள் எங்க போட்டவ?” எண்டு வாயில வந்திட்டுது. வந்ததைப் பிறகு எப்பிடித் தங்கச்சி விழுங்கிறது?

இண்டைக்குக் காலமை மனுசன் கலாராணியைப் படம் பாக்கக் கூட்டியந்திட்டார். இத்தனை வருசத்துக்குப் பிறகு எங்கட படியேறுறாள். மோதிரம் கீதிரம் ஒண்டும் அவள் தேடேல்லை. படத்தில யேசுதாசன் சாப்பாட்டு மேசையடியில எழும்பி நிண்டு என்னவோ பகிடி விடுறான், எல்லாரும் சிரிக்கினம். “மச்சாள், சத்தம் இல்லையோ?” எண்டாள். இடம்பெயர்ந்து திரிஞ்சதில அவளிட்ட மிஞ்சினது அவன்ர ஒரு படம்தான், குரல் இல்லை. போய் ஸ்பீக்கரில காதை வைச்சுக்கொண்டு இருந்தாள். ஒண்டும் வராத ஸ்பீக்கரில! தேத்தண்ணி போடுறன் எண்டு நான் குசினிக்குள்ள ஓடிட்டன்.

மெல்லக் கதையுங்கோ, அவள் வெளியில ஓட்டோக்குள்ள இருக்கிறாள். திருத்தக் கொண்டுபோறன் எண்ட உடன நானும் வாறன் எண்டு ஏறிட்டாள். சாமான் பழுது எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். நீங்களும் அப்பிடியே... இல்லை, வேண்டாம். நீங்கள் அதை ஒட்டுங்கோ, இண்டைக்கே வேணும். கசற்றின்ர வாயால அவள் கேக்க முதல் நானே...

மச்சாள்! இறங்கி உள்ளுக்கு வாங்கோ. இல்லை, இன்னும் திருத்தேல்லை. வாங்கோவன்... இந்தாங்கோ, இப்பிடி இருங்கோ. மச்சாள், சாமான் பழுதில்லை. வயரை வெட்டினது நான்.